கேலனுக்கு எட்டு மைல்

டாஷ்போர்டு மேல் ஒரு பாக்கெட் நோட்டு,
தீவனக் கடையில் சும்மா கொடுத்தது.
மார்ச் மூன்று: பன்னிரண்டு.
மார்ச் இருபது: பத்தரை.
ஏப்ரல் கடைசியில் எட்டு.
எட்டின் கீழே இரண்டு கோடு போட்டேன்,
கோடு போட்டால் கூடிவிடும் என்பது போல.

எழுபத்தேழாம் வருடத்து ஃபோர்டு.
சாண்ட்ஹில்ஸ் மணலில் மாடுகளுக்கு
வைக்கோல் இழுப்பதற்கென்றே இருக்கிறது.
தாகம் அதற்குப் புதிதல்ல,
ஆனால் இது தாகமில்லை, குடி.

ஏர் ஃபில்டரை வெயிலில் தூக்கிப் பிடித்தேன்:
வெளிச்சம் மறுபக்கம் வந்தது.
சோக் தகடு சூடானதும் ஒழுங்காகத் திறந்தது.
ஒரு முழம் ரப்பர் குழாயைக் காதில் சொருகி
வேக்யூம் ஹோஸ் ஒவ்வொன்றிலும்
சீறல் கேட்கிறதா என்று அலைந்தேன்.
ஜாக்கியில் தூக்கி
நாலு சக்கரத்தையும் கையால் சுற்றினேன்,
பிரேக் எதையும் பிடித்து வைக்கவில்லை.
சுற்றிய டயரும்
ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம்தான் எமெட் நினைவுக்கு வந்தான்.
சனிக்கிழமை வேலிக்கம்பி இழுக்க வருவான்,
ஸ்வோபோடா வீட்டுப் பையன், பதினாறு வயது.
அவன் மோட்டார் சைக்கிளில்
எப்போதும் பெட்ரோல் இருந்தது.
கொட்டகை மூலையில்
தோட்டக் குழாயின் நாலடித் துண்டு கிடந்தது.
போன கோடையில் அதை வெட்டியது நான்தான்.
அந்த நினைவு மட்டும் வரவில்லை.

வேலண்டைன் வரை போய்
பூட்டு வைத்த மூடி வாங்கி வந்தேன்.
சனிக்கிழமை அவன் மூடியைப் பார்த்தான்.
நான் பார்ப்பதையும் பார்த்தான்.
கையுறையை மாட்டிக்கொண்டு
வேலியோரம் நடந்தான்.
அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

பூட்டிய பிறகும் எட்டு.
பையன் வராத வாரத்திலும் எட்டு.

பிளக்குகளைக் கழற்றினேன்.
எட்டும் கரி, விளக்குத் திரி போல.
கார்புரேட்டரின் மேல்மூடியைத் திறந்து
பித்தளை மிதவையை எடுத்தேன்.
காதருகே ஆட்டினால்
உள்ளே சளக், சளக்.
ஈயப் பற்றில் மயிரளவு விரிசல்.
மிதக்க வேண்டியது
தானே குடித்துவிட்டு அமிழ்ந்து கிடந்தது.
கிண்ணம் நிறைந்ததை
ஊசி வால்வுக்குச் சொல்ல ஆளில்லை.

புது மிதவை, புது கேஸ்கெட்.
நோட்டில் பத்தரை வந்தது.
மீதி ஒன்றரையை
வண்டியின் வயதில் எழுதிவிட்டேன்.
வயது எதையும் மறுத்துப் பேசாது.

ஜூனில் ஒருநாள்
ரேடியோ கெட்டுப்போன சலிப்பில்
நெடுஞ்சாலையின் மைல் கம்பங்களை எண்ணினேன்.
பத்துக் கம்பம் கடந்தது.
ஓடோமீட்டர் எட்டரைக்குக் கொஞ்சம் மேலே நின்றது.
வண்டியை ஓரம் கட்டி
என் டயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மார்ச் நடுவில் ஏலத்தில் எடுத்தவை,
மணலில் புதையாதிருக்க,
பழையதைவிட நாலு விரல் உயரம்.

படி பெரிதானால்
நெல் குறைந்ததாகத்தான் கணக்கு காட்டும்.
வண்டி போன தூரமெல்லாம் போயிருக்கிறது.
எழுதாமல் விட்டது நான்.

பென்சிலால் பெருக்கினேன்: பன்னிரண்டு.
மார்ச் மூன்றாம் தேதியின் அதே பன்னிரண்டு.

ஸ்வோபோடா வீட்டுக்கு
ஒன்பது மைல் என்று காட்டியது மீட்டர்.
பத்தரை என்று இப்போது தெரியும்.
வெர்லா கோழிக்கூட்டருகே நின்றிருந்தாள்.
எமெட் இப்போது வைக்கோல் கட்டுகிறவர்களோடு போகிறானாம்,
மணிக்கு ஒரு டாலர் கூட.
நல்லது என்றேன்.
தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டேன்.

"உன் வண்டி இப்போது எப்படிக் குடிக்கிறது?"
அவள் சிரிக்காமல் கேட்டாள்.
"பன்னிரண்டு கொடுக்கிறது."
"முன்பும் அதுதானே கொடுத்தது?"

ஆமாம் என்றேன்.
காற்சட்டைப் பையில்
மூடியின் சின்னச் சாவியை
விரல் உருட்டிக்கொண்டே இருந்தது.